பில் போடாத பிரியாணி

1

நான் விருந்தாகக் கொடுத்த பிரியாணிக்கு பில் கேட்டு என் கடைக்கே ஆள் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு வாடகை கேட்டு ஆள் வந்திருக்கிறது. வரி கேட்டு வந்திருக்கிறது. குளிர்பெட்டியைத் திறந்து காட்டு என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் வயிறாரச் சாப்பிட்டுப் போனவர்கள் சில நாள் கழித்துத் திரும்பி வந்து, 'தயவுசெய்து எங்களிடம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று வாசலில் நின்றது இதுதான் முதல் தடவை. என் நைனா இருந்திருந்தால், 'சோத்துக்குக் காசு கொடுத்து மூஞ்சில அடிக்கிறாங்கடா' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

நான் செஞ்சிக்காரன். சரியாகச் சொன்னால், செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி நடக்கவேண்டிய ஒரு கிராமம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் வெங்காயம் உரிக்கப் போனவன், பிரியாணி மாஸ்டர் ஆகி, புதுச்சேரிக்குப் போய், அங்கே ஜோசபினைக் கட்டினேன். அவள் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அப்படித்தான் பாரீசுக்கு வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். பல வருஷம் அடுத்தவன் கடையில் தட்டு கழுவினேன். இப்போது சொந்தமாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பெயர் 'செஞ்சி'. பலகையில் ராஜகிரி மலையையும் கோட்டையையும் வரையச் சொன்னேன். வரைந்தவன் அதைக் கிண்ணத்தில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி வரைந்துவிட்டான். மாற்றக் காசு கேட்டான், விட்டுவிட்டேன்.

எனக்குப் பயந்த சுபாவம். தபால்பெட்டியில் அரசாங்க உறை கிடந்தால், தொடும் முன் சிலுவை போட்டுக்கொள்வேன். பிரிப்பது ஜோசபின், படிப்பது மகள் செலின், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி.

இங்கே நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கும் மதாம் க்ளேர் ஒரு அணி சேர்த்துக்கொண்டு மேயர் பதவிக்கு நின்றார். ஓய்வுபெற்ற நர்ஸ். நாங்கள் வந்த புதிதில் செலினுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, பாஷை தெரியாமல் படிக்கட்டில் குழந்தையோடு நின்ற என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர். செலின் கல்லூரி விட்டு வந்ததும் அவருக்காக வீடுவீடாக நோட்டீஸ் கொடுக்கப் போனாள். நம் தெருக்காரர் நிற்கிறார், நம் பிள்ளை வேலை பார்க்கிறது, மண்டபத்தில் கூட்டம் போடுகிறார்கள். நான் சும்மா இருப்பேனா? ஒரு தேக்சா கோழி பிரியாணி போட்டு, கடை ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களில் அடைத்து அனுப்பினேன். விலை எவ்வளவு என்று மதாம் க்ளேர் கேட்டார். எனக்குப் பிசிறில்லாமல் வரும் பிரெஞ்சு வாக்கியங்களில் ஒன்றை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

"இது கடை கொடுப்பது, மதாம்."

அந்த வாக்கியம்தான் வினையானது.

பில் கேட்டு வந்தவர் முசியே லுயி. மதாம் க்ளேருடைய தேர்தல் வரவு செலவுக்குப் பொறுப்பானவர். ஒல்லியான மனிதர், கழுத்தில் கம்பளித் துண்டு. கூடவே செலின், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவர் தன் போனை என் முன்னால் நீட்டினார். எதிரணிக்காரர் யாரோ போட்ட படம். மண்டபத்து மேசைமேல் என் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஐஸ்கிரீம் மலை. கீழே ஒரு வரி. செலின் படித்துச் சொன்னாள்: 'க்ளேருக்குச் சோறு போடுவது யார்?'

சிலுவை போட்டுக்கொண்டேன். "செலின், என்னை நாடு கடத்திடுவாங்களா?"

"பப்பா, நீங்க பிரெஞ்சுக்காரர். எங்க கடத்துவாங்க?"

"அப்ப இன்னாதான் தப்பு?"

"கம்பெனி எதுவும் தேர்தலுக்குக் கொடுக்கக்கூடாது. பணம் கூடாது, சாமான் கூடாது, சாப்பாடு கூடாது. விலையைக் குறைச்சுக் கொடுத்தாக்கூடத் தப்பு. சட்டம்."

"நல்ல சட்டம்தானே! கம்பெனிக்காரனை உள்ள விட்டா நாடு உருப்படுமா? எங்க ஊர்ல வந்து பாரு, அந்தக் கல்குவாரிக் கம்பெனிக்காரன்..."

"பப்பா." செலின் என் தோளில் கை வைத்தாள். "இங்க கம்பெனி நீங்கதான்."

கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தோம். கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான் இருப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2

எங்கள் ஊரில் 'கம்பெனி' என்றால் ஒன்றுதான். வடக்கே இருக்கும் பாறைக்குன்றை உடைத்து ஜல்லியாக்கி அனுப்பும் கல்குவாரி. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. 'கம்பெனி லாரி வருது', 'கம்பெனி வெடி போடுது', அவ்வளவுதான்.

மத்தியானம் வெடி வைப்பார்கள். அந்த நேரம் நெருங்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் பேச்சு மாறாமல் எழுந்துபோய், அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். வெடித்து அதிர்வு அடங்கியதும் கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். நான் ஒருமுறை விடுமுறையில் போயிருந்தபோது செலின் இதைப் பார்த்து, ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தானும் ஒரு குண்டானைக் கட்டிப்பிடித்தாள்.

வேர்க்கடலைச் செடியின் இலை சாம்பல் நிறத்தில் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் பொடி மிதக்கும். அப்படியிருந்தும் கம்பெனியை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மிரட்டினார்களா என்றால் இல்லை. அடித்தார்களா, அதுவும் இல்லை. கொடுத்தார்கள். மாதா கோயில் தேர்பவனிக்கு சீரியல் லைட், மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றக் கேழ்வரகு, பையன்களுக்கு வாலிபால் பனியன், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, முச்சந்தியில் குடிதண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றிலும் கம்பெனி பெயர் சின்னதாக, மரியாதையாக, மூலையில் எழுதியிருக்கும்.

கிராம சபைக் கூட்டத்தில் ஒருமுறை நைனா எழுந்தார். தூசியைப் பற்றிக் கேட்கத்தான் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "உக்காருப்பா. தேருக்கு லைட்டு போட்டவன்பா."

நைனா உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் போனில் என்னிடம் சொன்னார்: "தின்னுட்டோம்டா. தின்ன வாய் எப்பிட்றா பேசும்?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல பாடம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை எங்களைவிட நன்றாகப் படித்தவன் கம்பெனிக்காரன். எங்கள் ஊரில் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, அதையே விலைக்கு வாங்கிவிட்டான். பேராசைக்காரனை வாங்கினால் நாளை அவன் இன்னும் கேட்பான். நன்றியுள்ளவனை வாங்கினால் அவன் தலை குனிந்தே இருப்பான்.

டெல்லியில் பெரிய கட்சிகளுக்குப் பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொடுப்பதை நீங்கள் பேப்பரில் படிக்கிறீர்கள். அது எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று விளக்கும் படிப்பு எனக்கு இல்லை. என் அறிவு முச்சந்தித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான். ஆனால் டெல்லித் தொட்டியிலும் இதே தண்ணீர்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

3

முசியே லுயி வந்துபோன மறுநாளே ஊரிலிருந்து போன். துன்பம் தனியாக வராது என்பது என் கட்சி. ஜோசபின் அதை ஒத்துக்கொள்வதில்லை. நான் போய்க் கூப்பிடுவதால்தான் வருகிறது என்பாள்.

பேசியது சூசை பெரியப்பா. மாதா கோயில் கமிட்டித் தலைவர், எங்களுக்குப் பெரியப்பா முறை.

"அந்தோணி, உன் தங்கச்சிக்கு நீதான்டா புத்தி சொல்லணும். பஞ்சாயத்து தலைவருக்கு நிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

என் தங்கை லூர்து மேரி. பிளஸ் டூ படித்தவள், மகளிர் குழுத் தலைவி, போன தடவை வார்டு உறுப்பினர். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது.

"நிக்கட்டுமே பெரியப்பா."

"இன்னாடா நிக்கட்டுமேங்கிற? போட்டி இல்லாம பேசி முடிச்சிடலாம்னு ஊர்ல முடிவு பண்ணிட்டோம். டிப்பர் செல்வம் பொண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தா, மாதா கோயில் கூரையும் அவனே போட்டுத் தரான், மாரியம்மன் கோயில் கோபுரமும் அவனே கட்டித் தரான். மழை பேஞ்சா பீடத்து மேலயே ஒழுகுதுடா. சாமியாரு குடை புடிச்சிக்கினு பூசை வைக்கிறாரு."

பதவியை இப்படிப் பேசி முடிப்பது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. ஓட்டுப்போட்டுச் சண்டை போடுவானேன், கோயிலுக்கு யார் அதிகம் செய்கிறார்களோ அவர்களுக்கே விட்டுவிடலாம் என்பார்கள். ஏலம் என்று சொன்னால் கோபம் வரும். சட்டப்படி கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"செல்வம் அவ்ளோ காசுக்கு எங்க போவான் பெரியப்பா? கம்பெனிக்கு டிப்பர் ஓட்டறவன்தானே?"

"செல்வம் தரான்."

"செல்வத்துக்கு யார் தராங்க?"

"டேய், கோயிலுக்கு வர்ற காசுக்கு ஜாதகமா பாப்பாங்க?"

கம்பெனிக்கு இப்போது இரண்டாவது குன்று வேண்டும். அதன் அடிவாரத்தில்தான் எங்கள் கிணறும், லூர்து பயிர் வைக்கிற கடலைக் கொல்லையும். நாளைக்குப் பஞ்சாயத்துத் தீர்மானம் போடவேண்டி வந்தால், போடுகிற கை செல்வத்தின் மனைவி கையாக இருக்கும். பிடித்து எழுதவைக்கிற கை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் புரிந்தது. புரிந்தும் என்ன செய்தேன் தெரியுமா? லூர்துவைக் கூப்பிட்டு, "வேணாம்மா" என்றேன். மூச்சு விடாமல் பயங்களை அடுக்கினேன். மச்சான் ஆட்டோ ஓட்டுகிறவர், நாளைக்கு ஸ்டாண்டில் வண்டி போட விடமாட்டார்கள். ஊரே பகையாகும். லாரிக்காரர்கள் ரோட்டில் இடிப்பதுபோல வருவார்கள். கோயில் கூரையைத் தடுத்தவள் என்று பெயர் வரும்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அண்ணே, நீ அங்க பிரெஞ்சுக்காரிக்கு பிரியாணி போட்டு எலக்சன் பண்ணுவே. நான் இங்க நின்னா மட்டும் உனக்கு டென்சனா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"செலின் படம் அனுப்பிச்சா. ஐஸ்கிரீம் டப்பா மாரி இருக்குது."

4

பில் போட மனசு வரவில்லை. முசியே லுயி அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். கடைக்கு விடுமுறை, நான் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். செலின் நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னாள்.

நான் கேட்டேன்: "நான் கெட்ட எண்ணத்தோடவா கொடுத்தேன்? என் குழந்தையைக் காப்பாத்தின பொம்பளைக்கு ஒரு வேளைச் சோறு போடக்கூடாதா?"

"உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போடுங்கள். நானும் வருகிறேன்" என்றார் அவர். பிறகு கடை வாசலைக் காட்டினார். "நடைபாதையில் நாலு மேசை போட அனுமதி கேட்டு நகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா?"

கொடுத்திருந்தேன். அதைக் கொடுத்த நாளிலிருந்து, கொடுத்தது தப்போ என்று பயந்துகொண்டும் இருந்தேன்.

"நாளை க்ளேர் ஜெயித்து, அந்த மனு அவர் மேசைக்கு வருகிறது. என்ன செய்வார்?"

"ஐயோ, அதுக்காக நான் கொடுக்கல!"

"தெரியும். நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். ஆனால் மறுக்க அவருக்குக் கை வருமா?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. தின்ன வாய் எப்பிட்றா பேசும்? அதிகம் படிக்காத என் நைனா சொன்னதும், கம்பளித் துண்டு போட்ட இந்தப் பிரெஞ்சுக்காரர் சொல்வதும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம். நைனா அதைத் தன் தலைவிதி மாதிரிச் சொன்னார். இவர்கள் அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே எல்லாம் சுத்தம் என்று நான் எழுதினால் அது பொய். பெரிய பணக்காரர்கள் கையில் பத்திரிகை இருக்கிறது, டிவி இருக்கிறது. கால்வாய்க்கரையில் புதிதாக வந்த சரக்குக் கிடங்குக்காரர்களோடு மேயர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று சலூனில் பேசிக்கொள்கிறார்கள். இதையும் கேட்டேன். முசியே லுயி சிரித்தார்.

"கொல்லைக் கதவுக்கு நான் பொறுப்பில்லை, முசியே அந்தோணி. முன்கதவையாவது பூட்டி வைத்திருக்கிறோம். அந்த வாசலுக்கு நீங்கள் பிரியாணியோடு வந்துவிட்டீர்கள்."

பில் போட்டேன். கடைப் பலகையில் எழுதியிருக்கும் அதே விலைக்கு. அவர் தேர்தல் கணக்கிலிருந்து காசோலை கொடுத்துவிட்டுப் போனார். எதிரணிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதிலாக அந்த பில்லையே படமெடுத்துப் போட்டார்கள். அதோடு பேச்சு அடங்கியது. என் மலைப் படம் இரண்டாவது தடவையாக ஊரைச் சுற்றி வந்தது.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் மாதா கோயில் மைதானத்தில் கூட்டம். லூர்துவை வரச்சொல்லி உட்காரவைத்துப் பேசினார்கள். அவள் மசியவில்லை. சூசை பெரியப்பா எனக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். காலைக் கடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியோடு அப்படியே உட்கார்ந்தேன். செலின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தோணி, ஊரே கேக்குது. உன் தங்கச்சி நின்னா செல்வம் கூரைக் காசைத் திருப்பி எடுத்துக்கினு போயிடுவான். கோபுரமும் போச்சு. நீயே ஒரு வார்த்தை சொல்லு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பிரான்சுல ஏசி சர்ச்சுல கும்புடுறவனுக்கு இங்க ஒழுகுறது எப்பிடித் தெரியும்?" சிரிப்புச் சத்தம்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பயந்தவனுக்கு ரோசம் வந்தால் அது யோசிக்காது. பில் போட்ட தெம்பும் கொஞ்சம் இருந்தது; எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு நிமிர்வு.

"கம்பெனி காசு வேணாம்!" என்று கத்தினேன். "மாதா கோயில் கூரையை நான் போட்டுத் தரேன். மாரியம்மன் கோயிலுக்கும் என்னால ஆனதைச் செய்றேன். கடை பேர்ல லோன் எடுத்தாவது அனுப்பறேன். என் தங்கச்சி நிக்கட்டும்!"

அந்தப் பக்கம் ஒரே சலசலப்பு. பிறகு கைதட்டல். சூசை பெரியப்பாவின் குரல் தேன் மாதிரி மாறிவிட்டது: "இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா! அப்ப போட்டியே வேணாம். லூர்துவுக்கே விட்டுக்கொடுத்துடலாம். இன்னாப்பா, எல்லாருக்கும் சம்மதம்தானே?"

'சம்மதம், சம்மதம்' என்றார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று செலினைப் பார்த்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் லூர்துவின் குரல் கேட்டது. பக்கத்தில் வந்து, போனைக் கையில் வாங்கிப் பேசினாள்.

"அண்ணே, நீ இன்னா கம்பெனியா?"

"இல்லம்மா, உனக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் வேணாம். உன் காசுல நான் தலைவரானா, நாளைக்கு உனக்குத்தானே பதில் சொல்லணும்? நீ அங்கருந்து போன் பண்ணி, நம்ம கொல்லைக்கு ரோடு போடும்மான்னா நான் போடணும். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நைனாவுக்கு வரல இல்ல?"

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் இப்போது என்னிடம் பேசவில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"செல்வம் காசும் வேணாம், எங்கண்ணன் காசும் வேணாம். கூரை கோயில் விஷயம். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் நாமளே போட்டுக்குவோம், மெதுவாப் போட்டுக்குவோம். அதுவரைக்கும் ஒழுகற எடத்துல உக்காராதீங்க. தலைவர் ஊர் விஷயம். ஓட்டு போடுங்க. செல்வம் பொண்டாட்டியும் நிக்கட்டும், நானும் நிக்கிறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். இன்னா இப்போ?"

"அண்ணங்காரன் மானத்தை வாங்கறியே லூர்து" என்றார் சூசை பெரியப்பா.

"அவரு மானம் எங்கயும் போவாது பெரியப்பா. அது பிரான்சுல பத்திரமா இருக்குது."

சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. அவளோடு சேர்ந்து சிரித்தார்கள் என்று தோன்றியது. பெண்கள் குரல்தான் அதில் அதிகம்.

போன் அடங்கியதும் செலின் கேட்டாள்: "பப்பா, நான் அத்தைகிட்டப் பேசலாமா?" இவள் பிறந்ததிலிருந்து, ஊருக்குப் பேசு பேசு என்று போனைக் கையில் திணித்தால், 'நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்' என்று இரண்டு வரியோடு திருப்பிக் கொடுப்பவள். 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள், 'நம்ம ஊர்' என்று வாயில் வராது. அன்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். பாதித் தமிழ், பாதி சைகை; போனில் சைகை எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து கேட்டாள்:

"பப்பா, 'ஒத்தக்கால்ல நிக்கிறது'ன்னா என்ன? அத்தைக்குக் கால்ல அடியா?"

6

மதாம் க்ளேர் ஜெயித்தார். சில வாரம் கழித்து நகராட்சியிலிருந்து உறை வந்தது. சிலுவை போட்டேன். ஜோசபின் பிரித்தாள். செலின் படித்தாள். நாலு மேசை கேட்ட இடத்தில் இரண்டுதான் அனுமதி. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி போதாதாம். கையெழுத்து க்ளேர்.

மறுநாள் மத்தியானம் அந்த இரண்டு மேசையில் ஒன்றில் அவரே வந்து உட்கார்ந்தார். என் முகத்தை நேராகப் பார்த்து பிரியாணி கேட்டார், சாப்பிட்டார், காரம் அதிகம் என்றார், பில் கொடுத்தார். எனக்கும் கோபமில்லை, அவருக்கும் கூச்சமில்லை. சோறு போட்டவனுக்கும் சாப்பிட்டவருக்கும் நடுவில் இவ்வளவு நிம்மதி இருக்கமுடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பயந்த சுபாவக்காரன் சொல்கிறேன்: கடன்படாத மனுஷனுக்கு முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. ஊருக்கும் அப்படித்தான் இருக்கும்.

லூர்து வேட்புமனு போட்டுவிட்டாள். பூட்டு சாவி சின்னம். செல்வத்தின் மனைவியும் நிற்கிறார். கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆனால் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் காசு போட்டு ஓடு வாங்க ஆரம்பித்திருக்கிறார்களாம். நானும் ஒரு குடும்பத்துப் பங்கு அனுப்பினேன். எல்லாக் குடும்பத்துக்கும் எவ்வளவோ அவ்வளவுதான், அதற்குமேல் அனுப்பினால் திருப்பி விடுவேன் என்று லூர்து சொல்லிவிட்டாள். யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தத் தடவை அவ்வளவாக இல்லை. எப்படியும் எங்கள் ஊரில் ஓட்டுப்பெட்டி வைக்கப்போகிறார்கள். அதை இனி யாரும் பேசி முடிக்கமுடியாது.

நேற்று காதர் போன் செய்தான். செஞ்சி கடைத்தெருவில் அச்சகம் வைத்திருப்பவன். அவன் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கேதான் கடை. எட்டாவது வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தான்.

"டேய் அந்தோணி, உன் தங்கச்சி என்னை இன்னான்னு நெனச்சிக்கினு இருக்குது?"

"இன்னாடா ஆச்சு?"

"நோட்டீசு அடிக்க வந்துச்சி. நான் இன்னா சொன்னேன்? நம்ம அந்தோணி தங்கச்சி, நம்ம புள்ள, காசு வேணாம்மா, இது நம்ம கடை கணக்குல இருக்கட்டும்னு சொன்னேன். தப்பா? பில்லு போடுன்னு ஒத்தக்கால்ல நிக்குதுடா! பக்கத்துக் கடைக்காரன், கஸ்டமர் எல்லாம் பாக்கறான். எனக்கு மானமே போச்சு. நீயே கேளு, அதுக்கு இன்னா பைத்தியமா?"

நான் எங்கள் கடை வாசலில் அந்த இரண்டு மேசைகளையும் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைக் கீழே வைத்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பில்லு போட்டுடு காதரு. பலகையில எழுதியிருக்கிற அதே வெலைக்கு."

"டேய், நீயுமா? நான் உன் சிநேகிதன்டா!"

"சிநேகிதன்தான். அதுக்கு வீட்டுக்குக் கூப்ட்டு சோறு போடு, லூர்து வரும். ஆனா கடையில ஒக்காந்திருக்கும்போது..."

"ஒக்காந்திருக்கும்போது?"

"அங்க நீதான்டா கம்பெனி."